உப்புக்காற்று ஊரில் ஸ்னீக்கர் சேர்ப்பவர்களே, உங்களுக்குப் பிடித்த ஜோடி எது?

மண்டபம்_முனை:

வணக்கம். ஸ்னீக்கர் சேகரிப்பு என்று தேடினால் வருகிற படங்களில் எல்லாம் ஏசி அறை, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, தட்டுக்குத் தட்டு குட்டி விளக்கு. நமக்கு அது சரிப்படாது. நான் இருப்பது மண்டபம். வீட்டுக்கு வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் வீட்டுக்குள் வருவது உப்புதான். ஜன்னல் கம்பியே இங்கே துரு ஏறித் தோல் உரிகிறது, ஷூ எம்மாத்திரம்.

ஆனாலும் சேர்க்கிறேன். நம்ம ஆட்களிடம் கேட்க நினைத்தது இதுதான்: உங்களிடம் இருப்பதில் மனசுக்குப் பிடித்த ஜோடி எது, அதை நீங்கள் போடுகிறீர்களா, பெட்டியில் வைத்திருக்கிறீர்களா? விலை உயர்ந்தது எது என்று கேட்கவில்லை, அந்தக் கணக்கு வேறு.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் இடம் கான்வெர்ஸ் சக் 70, கறுப்பு, கணுக்கால் வரை ஏறுகிற உயரம். 1917இல் கூடைப்பந்துக்காக வந்த ஆல் ஸ்டார் ஷூவின் வம்சம்தான் இது. 1970களில் எப்படிச் செய்தார்களோ அதே மாதிரி, கனமான துணியும் கொஞ்சம் உயரமான ரப்பர் ஓரமுமாக 2013இல் மறுபடி கொண்டுவந்தார்கள். ஓரம் பளபளவென்று பாதிப் பழுப்பில் வருவதால் வெள்ளை ரப்பர் மஞ்சளாகிறதே என்ற கவலையே இல்லை, பிறக்கும்போதே மஞ்சள். உள்பக்கம் இரண்டு காற்றுத் துளை இருக்கும் பாருங்கள், அரிச்சல்முனையில் அலை ஏறி நனைந்தால் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே வரும். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச் சாலை திறந்த பிறகு நான் போகும்போதெல்லாம் காலில் இதுதான்.

இரண்டாவது நைக்கியின் ஏர் மேக்ஸ் 1. 1987இல் வந்தது, குதிகாலுக்குப் பக்கத்தில் சின்ன ஜன்னல் வைத்து உள்ளே இருக்கிற காற்றுப் பையை வெளியே காட்டிய ஷூ. வரைந்த டிங்கர் ஹாட்ஃபீல்ட் கட்டடக்கலை படித்தவர். பாரிஸில் பாம்பிடூ மையம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது, குழாய், படிக்கட்டு எல்லாவற்றையும் சுவருக்கு வெளியே மாட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அழகு என்றால் எனக்கு இதுதான் அழகு, ஆனால் ஊருக்குள் போட மாட்டேன். நம் ஊர் சீமைக்கருவேல முள் உங்களுக்குத் தெரியும். பைக் டயரையே குத்துகிற முள் அந்தக் காற்றுப் பையில் இறங்கினால் பஞ்சர் போட ஆள் கிடையாது.

இவ்வளவையும் கேட்க வைத்தது வேறு ஒரு ஜோடி. மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஓட்ட ஷூ, கம்பெனி பெயர் வேண்டாம், பெரிய பெயர்தான். நல்ல நாளுக்கு இருக்கட்டும் என்று பல வருஷம் பெட்டியிலேயே வைத்திருந்தோம். தங்கச்சி கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை எடுத்துப் போட்டுக்கொண்டு பந்தக்கால் பக்கம் நடக்கிறேன், பின்னாலேயே சின்னப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வருகிறார்கள், திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் குதிகால் அதிரசத் துண்டாக உதிர்ந்து கிடக்கிறது. ஒரு நாள்கூடப் போடாத ஷூ. அது எப்படி என்று யாராவது விளக்கினால் புண்ணியம்.

சாயல்குடி_பனங்காடு:

தம்பி, நான் சில காலம் ஆம்பூரில் ஒரு ஏற்றுமதி ஷூ கம்பெனியில் இருந்தவன், இப்போது ஊரில் வேறு தொழில். உதிர்ந்தது ஏன் என்று நான் சொல்கிறேன்.

மேல்பாகத்துக்கும் தரையில் படுகிற ரப்பருக்கும் நடுவில் மெத்தென்று ஒரு அடுக்கு இருக்கிறது அல்லவா, மிட்சோல், அது பாலியூரித்தேன் என்கிற நுரையாக இருந்தால் அதற்கு முதல் எதிரி ஈரக்காற்று. தண்ணீரில் முக்க வேண்டும் என்பதுகூட இல்லை, காற்றில் இருக்கிற ஈரமே போதும். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நுரையின் கட்டு உள்ளேயே அறுந்துகொண்டு வரும், வெளியே பார்த்தால் புதுசாக இருக்கும், கால் வைத்ததும் உதிரும். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும், பெட்டியில் வைத்தால் தப்பிக்கும் என்று நினைப்பதுதான் வீண். போடுகிற ஷூவுக்காவது காற்றோட்டம் கிடைக்கிறது, அமுங்கி அமுங்கி உள்ளே இருக்கிற ஈரம் கொஞ்சம் வெளியேறுகிறது என்பார்கள். பெட்டிக்குள், அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் போனது அடைத்த ஈரத்திலேயே கிடக்கும். ஈவிஏ என்று இன்னொரு நுரை இருக்கிறது, எடை குறைவு, இப்போது நிறைய ஓட்ட ஷூக்களில் அதுதான். அது இப்படி உதிராது, நாள்பட்டால் அமுங்கித் தட்டையாகும், சில சமயம் சுருங்கும், அவ்வளவுதான்.

உன் சக் 70 நிற்கிறதற்குக் காரணமும் இதுதான், அதில் உதிர்வதற்கு நுரை மிட்சோலே கிடையாது. துணியை அச்சில் இழுத்து மாட்டி, சுற்றிலும் வேகாத ரப்பர் பட்டையை ஒட்டி, அப்படியே முழு ஷூவையும் நூறு டிகிரிக்கு மேல் சூட்டில், அழுத்தத்தில் வேக வைப்பார்கள். ரப்பரில் கந்தகம் கலந்திருக்கும், வெந்ததும் துணியும் ரப்பரும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும். சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை வாங்கிய அதே வித்தைதான், இன்னும் மாறவில்லை. வேன்ஸ் ஓல்ட் ஸ்கூல் அப்படித்தான், நாம் பள்ளிக்கூடத்தில் பிடி பீரியடுக்குப் போட்ட பாட்டா வெள்ளை கேன்வாஸும் அந்தக் குடும்பம்தான். அந்த பாட்டா டென்னிஸ் 1936 முதல் வருகிறது என்றால் பார்த்துக்கொள். வெள்ளை பாலிஷ் அடித்து வெயிலில் காய வைத்து, காயும் முன்பே மாட்டிக்கொண்டு ஓடியவர்கள் நாம்.

எனக்குப் பிடித்த ஜோடி கேட்டாய். அடிடாஸ் சூப்பர்ஸ்டார். 1969இல் வந்தது, மூக்கில் சிப்பி மாதிரி வரி போட்ட ரப்பர் மூடி, அதுவும் கூடைப்பந்துக்காகத்தான். எனக்கு அது பிடிப்பது அழகுக்காக இல்லை. அடியில் இருப்பது கிண்ணமாக வார்த்த தடித்த ரப்பர், அதை மேல்பாகத்தோடு ஒட்டியதோடு விடாமல் சுற்றிலும் தையலும் போட்டிருப்பார்கள். சொல்யூஷன் என்றைக்காவது விட்டுவிட்டால்கூடத் தையல் பிடிக்கும், தையல் அறுந்தால் சாயல்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற அண்ணன் அதே ஓட்டையில் திரும்ப ஓட்டித் தந்துவிடுவார். முள் குத்தினால் ரப்பரிலேயே நிற்கும், காலுக்கு வராது. தொழிற்சாலையில் நின்றவனுக்கு ஷூவைக் கையில் எடுத்ததும் திருப்பி அடியைத்தான் பார்க்கத் தோன்றும், நிறம் அப்புறம்.

கீழக்கரை_சபுராளி:

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். ஊர் கீழக்கரை, பிழைப்பு துபாய். சாயல்குடி அண்ணன் சொன்னதை எல்லாம் ஒத்துக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. போடாத ஷூ வீண் என்ற பேச்சு எனக்கு ஆகாது.

என் ஜோடி நைக்கியின் ஏர் ஜோர்டன் 1, சிவப்பு வெள்ளை கறுப்பு. 1985இல் கடைக்கு வந்தபோது 65 டாலர், நான் வாங்கியது பல வருஷம் கழித்து வந்த மறுபதிப்பு, கொடுத்ததை உம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சின்ன வயசில் ஊரில் யாராவது சபரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில் இருந்து திரும்பினால் பெட்டி பிரிக்கிற இடத்தில் தெருவே கூடும், சோப்பு, சென்ட், டார்ச் லைட்டோடு ஒரு வெள்ளை ஷூவும் வரும். யாருக்கு என்று சொல்லும் வரைக்கும் மூச்சு விட மாட்டோம். எனக்கு வந்தது எப்போதும் இரண்டு நம்பர் பெரிசு, வளர்ந்து போட்டுக்கொள் என்பார் பெரியத்தா. அதனால் என் காலுக்குச் சரியான நம்பரில், என் காசில், பெட்டியோடு ஒரு ஜோடி இருப்பதே எனக்குப் போதும். அதை மாட்டிக்கொண்டு துபாய் டெய்ரா வீதியில் நடந்தால்தான் சந்தோஷம் என்று இல்லை.

இந்த ஷூவுக்கு ஒரு கதை சொல்வார்கள், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ தடை செய்த ஷூ, வீரர் மைக்கேல் ஜோர்டன் ஆட்டத்துக்கு ஆட்டம் அபராதம் கட்டிக்கொண்டே போட்டார் என்று. 1985 பிப்ரவரியில் என்பிஏ நைக்கிக்குக் கடிதம் எழுதியது உண்மை. ஆனால் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அவர் காலில் இருந்தது ஏர் ஷிப் என்கிற வேறு மாடல், கடிதம் கிளம்பியதும் அதனால்தான் என்று இந்த வரலாற்றைத் தோண்டுகிறவர்கள் சொல்கிறார்கள். கம்பெனி விளம்பரத்தில் தடையை ஜோர்டன் 1 மேல் ஏற்றி விற்றுவிட்டார்கள். விற்கத் தெரிந்தவன் பிழைத்தான், நம் கீழக்கரை ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஜோர்டன் வராது. ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போனாலும் ஏர்வாடி தர்கா போனாலும் வாசலில் கழற்றி விட வேண்டும், தொழுகையில் நிற்கிறவனுக்கு நினைப்பு வாசலில் இருந்தால் அது என்ன தொழுகை. அதற்கென்று லேஸ் இல்லாத வேன்ஸ் ஒன்று, கட்டம் போட்டது, காலை நுழைத்தால் போதும். எவனாவது மாட்டிக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்கிற விலை. இதுவரைக்கும் போகவில்லை, அதுவே கொஞ்சம் வருத்தம்தான், யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

தம்பிமார்களுக்கு ஒன்று. இன்ஸ்டாவில் பாதி விலைக்கு ஜோர்டன் தருகிறேன் என்று வருகிறவனிடம் பணம் அனுப்பாதீர்கள். என் மச்சான் ஒருத்தனுக்கு வந்த ஜோடியில் இடது காலில் தையல் ஒரு நிறம், வலது காலில் ஒரு நிறம். பெட்டியில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணும் ஷூ நாக்கின் உள்ளே துணிச்சீட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றாக இருந்தாலே அசல் என்று அர்த்தமில்லை, வேறுவேறாக இருந்தால் சந்தேகமே இல்லாமல் போலி.

தங்கச்சிமடம்_செட்டர்:

பெண்கள் யாரும் இல்லையா இங்கே? சரி, நான் ஆரம்பிக்கிறேன். வாலிபால் ஆடுகிறவள், இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கீழக்கரைக் காக்கா (உங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தானே கூப்பிடுவார்கள்), உங்களுக்கு இரண்டு நம்பர் பெரிசு என்றால் எங்களுக்கு எப்போதும் நம்பரே இல்லை. என் கால் யுகே நாலு. நல்ல நிறத்தில் வருகிற ஆண்கள் ஜோடி பெரும்பாலும் ஆறில்தான் தொடங்கும். பெண்களுக்கு என்று தனியாக வருவதில் பாதி இளஞ்சிவப்பு, மீதி வெளிர் ஊதா, எங்களுக்கு வேறு நிறமே பிடிக்காது என்று யார் முடிவு பண்ணினார்களோ. அதனால் நான் பார்ப்பது பெரிய பிள்ளைகளுக்கு வருகிற அளவு. கடைக்காரர்கள் ஜிஎஸ் என்பார்கள். அதே மாடல், விலையும் குறைவு, ஆனால் தோல் கொஞ்சம் மட்டமாக இருக்கும், உள்ளே மெத்தை குறைத்திருப்பார்கள், சில மாடலில் காற்றுப் பையே இருக்காது. வாங்குகிறவர்கள் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

என் கையில் இருப்பதில் மேலே நிற்பது ஆசிக்ஸ் வாலிபால் ஷூ. மண்ணில் ஆடும்போது நாங்கள் யாரும் ஷூ போடுவதில்லை, வெறுங்கால்தான், மணலில் ஷூ போட்டு எம்பினால் பாதி உயரம்கூடக் கிடைக்காது. உள்ளரங்கத்துக்குப் போனால்தான் இது. அடியில் தேன் நிற ரப்பர், தரையைப் பிடித்தால் விடாது, பந்தைத் தூக்கிக் கொடுக்க உடம்பைத் திருப்பும்போது கால் வழுக்குமோ என்ற பயம் வராது. வெளியில் ஒரு எட்டுகூட அதைப் போட்டு நடக்க மாட்டேன், கைப்பையில் கொண்டுபோய் கோர்ட்டில்தான் மாட்டுவேன், மணல் ஒட்டினால் அந்தப் பிடிப்பு போய்விடும். பிள்ளைகளுக்கும் முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான், சர்வீஸ் எல்லாம் அப்புறம்.

கழுவுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் போர்த் தண்ணீரில் வெள்ளைத் துணி ஷூவைக் கழுவினால் காய்ந்ததும் ஓரமெல்லாம் உப்புப் பூத்து நிற்கும், அந்த உப்பு திரும்ப ஈரத்தை இழுக்கும், கழுவாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். நல்ல தண்ணீர் வேண்டும், நல்ல தண்ணீர் என்றால் காவிரித் தண்ணீர், அது வருகிற நாளும் நேரமும் எல்லாருக்கும் தெரிந்ததே, வராவிட்டால் குடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். குடிக்கிற தண்ணீரில் செருப்பைக் கழுவுகிறாயா என்று அம்மா போடுகிற சத்தம் பாம்பன் வரை கேட்கும், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் செய்வது: காய்ந்த பிரஷ்ஷால் மணலை முழுக்கத் தட்டிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரில் துளி ஷாம்பு, துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பது, அப்புறம் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு தடவை. ஐப்பசி மழையில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அந்த மாதம் முழுக்கக் கவலை இல்லை. வெயிலில் வைக்காதீர்கள், வெள்ளை ரப்பர் மஞ்சளாகும். நிழலில், காற்று வருகிற இடத்தில், உள்ளே வெள்ளைத் தாளைத் திணித்து வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

விசைப்படகு_ராமேஸ்வரம்:

எல்லாம் படித்தேன். எங்களுக்குப் படகில் வெறுங்கால்தான், வலை இழுக்கும்போது காலில் எது இருந்தாலும் இடைஞ்சல். என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஜோடி, ஜலந்தர் கம்பெனி நிவியா, அடியில் குமிழ் வைத்த கால்பந்து ஷூ. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் கடல் கிடையாது, அப்போதுதான் அது பரணிலிருந்து இறங்கும், சாயங்காலமானால் ஆட்டம்தான். தடை முடிந்தால் திரும்பப் பரணுக்கு. சேகரிப்பு என்று இதைச் சொல்லலாமா தெரியாது, பிடித்த ஜோடி எது என்ற குழப்பம் மட்டும் எனக்கு இல்லை.

மண்டபம்_முனை:

அண்ணே, இந்த இழையிலேயே தெளிவான பதில் உங்களுடையதுதான்.

சாயல்குடி அண்ணனுக்கு நன்றி, இத்தனை நாள் மாமா ஏமாந்து வாங்கிவிட்டார் என்றே வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். அவரிடம் இன்றைக்கே சொல்கிறேன். அப்புறம் ஒரு சந்தேகம். என் ஏர் மேக்ஸ் நாக்கில் மேட் இன் இந்தியா என்று போட்டிருக்கிறது, பார்த்தவன் எல்லாம் போலி என்கிறான், இந்தியாவில் நைக்கி எங்கே செய்கிறார்கள் என்று கேட்கிறான். பில் போட்டுக் கடையில் வாங்கியது.

சாயல்குடி_பனங்காடு:

எங்கேயா? நம் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில். சிப்காட்டில் ஃபெங் டே என்கிற தைவான் கம்பெனியின் தொழிற்சாலை இருக்கிறது, லோட்டஸ் என்ற பெயரில், ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்கிறார்கள், அங்கே தைப்பது நைக்கிக்குத்தான். அடிடாஸுக்கு வேண்டுமானால் ஆந்திராவுக்குள் தடா பக்கம் அப்பாச்சி என்ற தொழிற்சாலை. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஆட்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள், நம்மவன் மேட் இன் வியட்நாம் என்று பார்த்தால்தான் நம்புகிறான்.

அரண்மனை_வாசல்:

ராமநாதபுரம் டவுன்காரன். கடல் இங்கிருந்து தள்ளி இருக்கிறது என்று பெயர்தான், தேவிபட்டினம் பக்கமிருந்து காற்று திரும்பினால் பீரோ கைப்பிடி பிசுபிசுக்கும். உங்கள் எல்லாரையும் விட வயசில் மூத்தவன் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஜோடி ஒனிட்சுகா டைகர் மெக்சிகோ 66. வெள்ளைத் தோலில் சிவப்பும் நீலமும் கோடு. மெல்லிசு ஷூ, கையில் எடுத்தால் எடையே தெரியாது. பக்கத்தில் குறுக்கே ஓடுகிற அந்தக் கோடு 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸை நினைத்துப் போட்டது, அதற்கு முன்பே 1966இல் வந்துவிட்டது, அதுதான் பெயரில் 66. கோபே நகரத்தில் கிஹாச்சிரோ ஒனிட்சுகா என்பவர் 1949இல் தொடங்கிய கம்பெனி, போரில் எல்லாம் இழந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுதான் தெம்பு தரும் என்று நினைத்துத் தொடங்கினார். 1977இல் வேறு இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து அதுவே ஆசிக்ஸ் ஆனது. தங்கச்சிமடம் பொண்ணு காலில் இருப்பதும் என் காலில் இருப்பதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் அம்மா. இன்னும் ஒன்று கேளுங்கள். நைக்கியைத் தொடங்கிய பில் நைட்டும் அவருடைய ஓட்டப் பயிற்சியாளர் பவர்மனும் 1964இல் புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ் என்று கடை போட்டு முதலில் விற்றது இந்த டைகர் ஷூவைத்தான். நைக்கி என்ற பெயரே பிற்பாடு 1971இல் வந்தது. காக்கா வைத்திருக்கிற ஜோர்டனுக்கு இது ஒரு விதத்தில் பெரியப்பா முறை.

இதன் அடி மெல்லிசு என்பதால் கருவேல முள்ளுக்கு முன்னால் நிற்காது, அதை ஒளிக்க மாட்டேன். முள் காட்டுப் பக்கம் போகிற வேலை எனக்கு இல்லை, காலையில் பேருந்து நிலையம் வரைக்கும் நடை, டீ, பேப்பர், திரும்பி வருவது. அதற்கு இது போதும்.

காக்காவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஜோர்டன் 1 பெட்டியில் கெடாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் துபாய் ஏசி, மீதிக் காரணம் அந்த மாடலின் கட்டுமானம். அதன் மெத்தை தடித்த ரப்பர் கிண்ணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் 1985இல் வந்த அசல் ஜோடிகளை இன்றும் சிலர் போட்டு நடக்கிறார்கள். 1988இல் வந்த ஜோர்டன் 3, அடுத்த வருஷம் வந்த 4, இதெல்லாம் வெளியே தெரிகிற பாலியூரித்தேன் மெத்தை, அந்தக் காலத்து ஜோடி எதையும் இன்று போட முடியாது, அடியை மாற்றினால்தான் உண்டு. அதனால் போடாமல் வைப்பது எனக்குப் பிடிக்கும் என்று நீங்கள் சொன்னால் சரி, அது உங்கள் இஷ்டம். இந்த மண்டபத்துத் தம்பியும் அப்படியே செய்யட்டும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவன் வீட்டில் ஏசி இருந்தாலும் கரண்டு இருக்க வேண்டுமே.

தம்பி, உனக்கு நான் சொல்வது, ஏர் மேக்ஸை எடுத்துப் போடு. ராமேஸ்வரம் ரோட்டில், பாம்பன் பாலத்தில், மதுரைக்குப் போகும்போது, முள் இல்லாத இடமாகப் பார்த்துப் போடு. அதுவும் பாலியூரித்தேன் குடும்பம்தான், நீ பூட்டி வைத்தாலும் அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வைத்திருக்கிற நாளில் பெட்டியைத் தரையில் வைக்காதே, மர அலமாரியில் மேல்தட்டு நல்லது. ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு, நீல மணியாக இருந்தால் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும், பார்த்துக் காய வைக்கலாம். ஆனால் சமையல் வாணலியில் போட்டு வறுக்காதே, அந்த நீலம் கோபால்ட் உப்பு, வயிற்றுக்கு ஆகாது. தோல் ஷூவுக்குள் அளவுக்கு மேல் போட்டால் தோல் வெடிக்கும், அதையும் பார்த்துக்கொள்.

பூமா ஸ்வேட் யாரிடமாவது இருக்கிறதா? 1968இல் வந்த பழைய மாடல், அழகில் குறையே சொல்ல முடியாது, ஆனால் எந்தக் கம்பெனியானாலும் அந்த மயிர்த்தோல் கார்த்திகை மாதம் நம் ஊரில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாகப் படிந்தால் ஈரத்துணி போடாமல் நிழலில் காயவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். என்னிடம் கரு நீலத்தில் ஒன்று இருக்கிறது, ஆவணிக்கு மேல் அது தூக்கம், தை பிறந்தால்தான் எழும்.

கீழக்கரை_சபுராளி:

பெரியவர் சொன்னால் சரிதான், பெரியப்பா முறை என்றதும் வாயடைத்துவிட்டது. ஆனாலும் ஜோர்டன் பெட்டியை விட்டு வராது. பெருநாள் அன்றைக்கு மட்டும் யோசிக்கலாம், அதுவும் வீட்டுக்குள்.

தங்கச்சிமடம்_செட்டர்:

ஐயா, ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது எனக்குப் புதுசு, நாளைக்கே பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன். மெக்சிகோ 66 நாலாம் நம்பரில் வருமா? இளஞ்சிவப்பு இல்லாமல்?

அரண்மனை_வாசல்:

வரும் அம்மா. அந்த மாடலை ஆண், பெண் என்று பிரிக்காமல் பொதுவாகவே போடுகிறார்கள், சின்ன நம்பரும் உண்டு, மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டதும் இருக்கிறது. அகலம் மட்டும் குறைவு. வெறுங்காலில் மணலில் ஆடி விரிந்த கால் என்றால் அரை நம்பர் கூட்டி, சாயங்காலமாகப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள், காலையில் கால் சின்னதாக இருக்கும்.

விசைப்படகு_ராமேஸ்வரம்:

மண்டபம் தம்பி, அந்த ஏர் மேக்ஸ் எத்தனையாம் நம்பர்? ஒன்பது என்றால் கொடுக்கிற எண்ணம் இருக்கிறதா, தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

மண்டபம்_முனை:

எட்டரை அண்ணே. கொடுக்கிறதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன்.